பத்தாம் அத்தியாயம் போய்ச் சேர்ந்த இடம்

சுவிசேஷமுத்துவுக்கு நாவல் எழுத வரவில்லை என்ற விஷயத்தை ஆறு வருடமாக அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பேரும் தங்கமான மனிதர்கள். பம்மலில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிற 'தென்புறநகர் இலக்கியச் சோலை'யின் உறுப்பினர்கள். சோலைக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: வளரும் எழுத்தாளரின் மனம் நோகப் பேசக் கூடாது. அங்கே வளர்ந்து முடித்தவர் ஒருவரும் இல்லை என்பதால் யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை.

கூட்டத்தில் வாசித்தவருக்குப் பொன்னாடை உண்டு. மொத்தமே ஒரு பொன்னாடைதான். போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், ஃபேஸ்புக்கில் ஏற்றுவார்கள், பிறகு மடித்துத் தலைவர் சூர்யநாராயணனின் பைக்குள் வைத்துவிடுவார்கள். அடுத்த மாதம் அடுத்த தோள். ஜரிகைக்குப் பக்கத்தில் இருக்கும் காபிக் கறை சோலையின் எல்லாப் படைப்பாளிகளின் போட்டோவிலும் இருக்கிறது. அதைப் பற்றியும் யாரும் வாய் திறந்ததில்லை.

வாட்ஸப்பில் இன்னும் கறாரான ஒழுங்கு. கோவிலம்பாக்கத்தில் வசிக்கும் சூர்யநாராயணன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாளொன்றுக்கு ஆறு குறுங்கவிதை எழுதுவார். காலை காபிக்கு முன் இரண்டு, பின் நான்கு. யார் எதைப் போட்டாலும் பத்து நிமிடத்துக்குள் மூன்று கைதட்டல், ஒரு கும்பிடு, ஓர் 'அருமை' போட்டாக வேண்டும். பதினைந்து நிமிடம் ஆக்கினால் உங்கள் படைப்புக்கு வரும் கைதட்டல் அடுத்த முறை இரண்டாகக் குறையும். கும்பிடு வராது.

இப்படிப்பட்ட சோலையில்தான் சுவிசேஷமுத்து 'அஸ்தினைச்செல்வன்' என்ற பெயரில் நாவலாசிரியராக இருந்தார். அஸ்தினாபுரத்தில் வீடு, தாம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட் வேலை, வயது ஐம்பத்தெட்டு. நாவலின் பெயர் 'கரையொதுங்கிய கண்ணீர்'. கதாநாயகி கயல்விழி என்ற மீனவப் பெண். சுவிசேஷமுத்து பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். கடல் என்றால் அவருக்குப் பெசன்ட் நகரில் சுண்டலோடு பார்த்த கடல்தான். அந்தக் கடலை வைத்துக்கொண்டு ஒன்பது அத்தியாயம் எழுதிவிட்டார் என்றால் மனிதருக்குத் துணிச்சல் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மனைவி பியூலா கணக்கு டீச்சர். முதல் அத்தியாயத்தை அவளிடம்தான் முதலில் கொடுத்தார். அவள் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். பக்கத்துக்கு ஏழெட்டு இடம் சுழித்து, கடைசியில் 'இந்தப் பெண் எதற்காக அழுகிறாள்?' என்று எழுதியும் கொடுத்துவிட்டாள். சுவிசேஷமுத்து நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சோலையில் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவள் படிக்கக் கேட்டதுமில்லை, அவர் கொடுத்ததுமில்லை.

நடுவில் மூன்று முறை எழுத்தை விட்டுவிடலாம் என்று அவருக்கே தோன்றியது. எழுதியதைத் திரும்பப் படித்தால் ஏதோ சரியில்லை என்று தெரியும். ஒவ்வொரு முறையும் சோலையின் கைதட்டல்தான் பிடித்து நிறுத்தியது. பத்தாம் அத்தியாயத்துக்கு அந்தக் கைதட்டலும் போதவில்லை. பதினான்கு மாதம் இழுத்தது. புருஷன் கடலில் போய்விடுகிறான், கயல்விழி தனியாக நிற்கிறாள், அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை எல்லாம் நிலா வெளிச்சம் போட்டு நிரப்பினார்.

"இந்தச் சாப்டர் நின்னாத்தான் நாவல் நிக்கும் பியூலா. இதுவும் சரியா வரலைன்னா நான் எழுதறதையே விட்டுடறேன். ரிட்டையராகி சும்மா உக்காந்துக்கறேன்" என்றார் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"அதுக்கு முன்னாடி கீழ போய் செப்டிக் டேங்கைப் பாருங்க. நாத்தம் தாங்கல" என்றாள் பியூலா.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் நாவலாசிரியர் மட்டுமா, அந்த இருபத்துநான்கு வீட்டு அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளரும்கூட. ஒன்பது வருடமாக வேறு யாரும் அந்தப் பதவிக்கு வர மறுத்ததால் அவரே தொடர்ந்து வெற்றி பெற்று வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கழிவுநீர் லாரி வர ஏற்பாடு செய்துவிட்டு, அறிவிப்பைப் போனில் தட்டி வைத்தார். அதற்கு 'இறுதி' என்று பெயர் கொடுத்துச் சேமித்தார். பத்தாம் அத்தியாயத்துக்குப் பெயர் 'இறுதி புதியது'. அவருடைய போனில் 'இறுதி' என்ற பெயரில் ஏற்கெனவே முப்பது கோப்புகள் இருந்தன. கல்லூரி அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் கோப்புகளைப் பராமரித்த மனிதர் இவர்.

ஞாயிறு காலை எட்டரைக்கு ஆராதனை. எட்டேகாலுக்கு பியூலா ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். சுவிசேஷமுத்து ஒரு காலில் ஷூவோடு நின்றபடி சோலைக்கு ஒன்றும் சங்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு கோப்புகளை அனுப்பினார். போனை சைலன்டில் போட்டார். போதகர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சுவிசேஷமுத்துவின் கை பாக்கெட்டைத் தடவிக்கொண்டே இருந்தது.

பதினொன்றே காலுக்கு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் போனைத் திறந்தார். சோலையில் பதினான்கு பேரும் பதில் போட்டிருந்தார்கள். இப்படி ஒரு வரவேற்பு எந்த அத்தியாயத்துக்கும் வந்ததில்லை.

'நெஞ்சைப் பிழிந்துவிட்டீர்கள் ஐயா.'

'கடலின் உப்பை நாக்கில் உணர்ந்தேன்.'

'கடைசி வரியில் கண் கலங்கிவிட்டது. சற்று நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.'

சூர்யநாராயணன் தம் தகுதிக்கேற்ப நீளமாக எழுதியிருந்தார்: 'அஸ்தினைச்செல்வரே, தங்கள் எழுத்தில் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. அடுத்த மாதம் பொன்னாடை தங்களுக்கே.'

சுவிசேஷமுத்து அதை இரண்டு முறை படித்தார். பதினான்கு மாத வேதனை வீண் போகவில்லை. ஸ்கூட்டர் பக்கத்தில் நின்ற பியூலாவிடம் போனை நீட்டினார். "பாரு. நீ சிவப்பு மையில சுழிச்சியே, அதே கதைதான். பாரு."

பியூலா பாராட்டுகளைத் தள்ளிவிட்டுக் கோப்பைத் திறந்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்: "அனைவருக்கும் அறிவிப்பு. ஏ பிளாக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிவதால் இன்று காலை பத்து மணிக்கு லாரி வருகிறது. மூடியின் மேல் நிற்கும் கார்களை எடுத்துவிடவும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். நாப்கின், டயபர் முதலியவற்றைக் கழிவறையில் போடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." பிறகு நிமிர்ந்தாள். "இதுல கடைசி வரியில கண் கலங்கினது யாருங்க?"

அவர் போனை வாங்கி மறுபடி பார்த்தார். பதினான்கு பேர். ஆறு வருடம். ஒன்பது அத்தியாயம். ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை. திட்டவும் முடியவில்லை, எப்படித் திட்டுவது? சூர்யநாராயணனின் ஆயிரக்கணக்கான கவிதைகளில் இவர் படித்தது எத்தனை? முதல் கவிதை ஒன்று. அதிலும் பாதி. மீதிக்கெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பல் தேய்க்கும்போது, ஒருமுறை டென்டிஸ்ட் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதுகூடக் கைதட்டல் போட்டிருக்கிறார். இருந்தாலும் வலித்தது. தாங்க முடியாமல் வலித்தது.

"அப்போ சங்கத்துக்கு என்ன போச்சு?" என்றாள் பியூலா.

சங்கத்துக் குழுவில் அறுபத்துமூன்று செய்திகள் கிடந்தன.

அடுக்ககத்துக்காரர்கள் ஓர் அறிவிப்பைப் படிக்கிற படிப்பே வேறு. செயலாளர் எங்கே மாட்டுவார், எதிர்வீட்டுக்காரருக்கு என்ன சலுகை கொடுத்திருக்கிறார், நம்மை மறைமுகமாக எங்கே குத்தியிருக்கிறார் என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்கள். பத்தாம் அத்தியாயத்தின் பதினோரு பக்கத்தையும் அவர்கள் அப்படித்தான் படித்திருந்தார்கள். முதல் செய்தி முதல் மாடி ஜோதிலட்சுமியுடையது. சங்கக் கூட்டங்களில் மூன்று செயலாளர்களை அழவைத்து அனுப்பியவர் என்ற பெயர் அந்த அம்மாவுக்கு உண்டு.

'கயல்விழி என்பவர் எந்த பிளாக்? ஓனரா, டெனன்டா?'

அதற்கு ஐ.டி. கம்பெனி வினோத்குமார்: 'மேடம், பேஜ் டூ பாருங்க. ஹஸ்பண்ட் கடல்ல போயிட்டார்னு இருக்கு.'

ஜோதிலட்சுமி: 'ஐயோ பாவம். மூன்று மாதமாக அழுதுகொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். செயலாளர் இத்தனை நாள் ஏன் நமக்குச் சொல்லவில்லை?'

மூன்றாம் மாடி மதியழகன்: 'பக்கம் ஐந்து. தாம்பரத்தில் ரயில் ஏறி ராயபுரம் போகிறவருக்குக் குரோம்பேட்டைக்குப் பிறகு சானடோரியம் வருகிறது என்று உள்ளது. சானடோரியம் முதலில் வரும். செயலாளர் திருத்தி வெளியிடவும்.'

இதற்கிடையில் லாரி வந்திருக்கிறது. மூடியின் மேல் இரண்டு கார்கள் நின்றிருக்கின்றன. எல்லோரும் கயல்விழியைத் தேடிக்கொண்டிருந்ததால் காரை எடுக்க யாரும் இறங்கவில்லை. லாரிக்காரர் அரை மணி நேரம் நின்று, தமக்குத் தெரிந்த வார்த்தைகளில் விமர்சனம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசிச் செய்தி: 'மாலை ஐந்து மணிக்கு அவசரக் கூட்டம். செயலாளர் விளக்கம் தர வேண்டும்.'

ஐந்து மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. காற்றில் டேங்க் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது. லாரி விவகாரம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி வரும். சுவிசேஷமுத்து எழுந்து, அது தாம் எழுதிவரும் நாவலின் ஓர் அத்தியாயம், கைதவறி வந்துவிட்டது, அனைவரும் மன்னித்து அழித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்காரப் போனார். மதியழகன் கையைத் தூக்கினார். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். அவர் மடியில் பத்தாம் அத்தியாயம் பிரின்ட் எடுத்து, மஞ்சள் கோடு போட்டு, ஓரத்தில் எண்ணிட்டு இருந்தது.

"கற்பனைன்னா சானடோரியம் இடம் மாறலாம்னு எந்த ரூல்ல சார் இருக்கு?" என்றார். "நீங்க தினம் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தானே வீட்டுக்கு வர்றீங்க? கண்ணைத் திறந்து பார்த்ததே இல்லையா?"

"சார், நான் நாலாவது பேஜ்ல தூங்கிட்டேன்" என்றான் வினோத்குமார், நல்ல பிள்ளையாக. "ஆனா எழுந்து முடிச்சுட்டேன். அந்தக் கட்டுமரம் கவிழற இடம் ஓகே சார். நிஜமாவே ஓகே. அதுக்கு அப்புறம் வர்ற நிலா சீன் மட்டும் ஸ்கிப் பண்ணேன்."

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார் ஜோதிலட்சுமி. "நிலாவுக்கு ரெண்டு பக்கம். புருஷன் சாவுக்கு ரெண்டே வரி. அந்த மனுஷன் மேல உங்களுக்கு என்ன கோபம்? அவன் பேர்கூட நீங்க சொல்லல. பேர் இல்லாதவனுக்கு ஒருத்தி எப்படி மூணு மாசம் அழுவா?"

ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. சுவிசேஷமுத்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. அதே சமயம் வெளியே சொல்ல வெட்கமான ஒரு சந்தோஷமும் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக வேறொருவர் வாயிலிருந்து கயல்விழி என்ற பெயரைக் கேட்கிறார். இந்த மனிதர்களுக்கு அவள் எங்கே நிற்கிறாள், எந்தப் புடவை கட்டியிருக்கிறாள் என்பது வரை தெரிந்திருந்தது. சூர்யநாராயணனுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

ஆனாலும் ரோஷம் விடவில்லை. "எனக்கு எழுத வரலைன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு. நான் நிறுத்திக்கறேன். இனிமே யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார்.

"நிறுத்திக்கறதா?" ஜோதிலட்சுமிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அவளை அங்க மணல்ல உக்கார வெச்சுட்டு நீங்க நிறுத்திப்பீங்களா? பாதியில நிக்கறதுக்கு அவ என்ன நம்ம லிஃப்டா?"

அந்த நேரம் பார்த்து எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தது. குழுவில் ஒரு குரல்பதிவு. அனுப்பியவர் பொன்னி. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கேட் ஓரமாக உட்கார்ந்து மீன் விற்கிற பெண். என்ன மீன் வருகிறது என்று காலையில் சொல்வதற்காக அவளையும் குழுவில் சேர்த்து வைத்திருந்தார்கள். மதியழகன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பொன்னி பேசறேன். மத்தியானம் எம்பொண்ணு அஞ்சலி படிச்சிக் காட்டுச்சு. இன்னா சார் கதை இது? மொதல்ல, கயல்விழின்னு எங்க குப்பத்துல ஒருத்தியும் கெடயாது. அது போவட்டும். மரம் கவுந்து புருசன் பூட்டான். சரி. அந்தப் பொம்பள மூணு மாசமா கடலாண்ட குந்திகினு அலையப் பாத்து அழுவறா. ரெண்டு புள்ளைங்க கீதுன்னு நீதான் எழுதிக்கீற. அதுங்களுக்கு மூணு மாசம் சோறு யார் சார் போட்டது? நெலாவா?"

வட்டமே சிரித்தது. சுவிசேஷமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு மாதம் அவர் முட்டிக்கொண்டு நின்ற சுவர் எது என்று இப்போதுதான் தெரிந்தது. அடுத்து என்ன என்று தெரியாததற்குக் காரணம், அந்தப் பெண்ணுக்கு மறுநாள் பசிக்கும் என்பதை அவர் நினைத்துப் பார்க்காததுதான். அழகாக அழவைத்துவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்தார். நிலா போனது. இரண்டு பக்கத்தையும் ஒரே அழுத்தில் அழித்தபோது கொஞ்சம் வலித்தது. அழித்தபின் எதுவும் குறைந்துவிடவில்லை என்பது அதைவிட வலித்தது. புருஷனுக்குப் பெயர் வைத்தார். சானடோரியத்தை அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை கயல்விழி கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அவரே எழுந்து நின்றுவிட்டார்.

பதினோரு நாள் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் எழுதினார். நடுவில் ஒருநாள் உணர்ச்சிவசப்பட்டு, சூர்யநாராயணனின் காலைக் கவிதை ஒன்றை முழுதாகப் படித்து, 'மூன்றாவது வரி எனக்குப் புரியவில்லை ஐயா, விளக்க முடியுமா?' என்று சோலையில் கேட்டுவிட்டார். நான்கே நிமிடத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். காரணம்: வளரும் எழுத்தாளரின் மனம் நோகப் பேசியது. சோலையில் எல்லோரும் ஒழுங்காகப் படித்திருந்த ஒரே வாசகம் அந்த விதிதான்போல. சுவிசேஷமுத்து இத்தனை வருடத்தில் தாம் எழுதியதை சூர்யநாராயணன் படித்துப் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைத்துத் தம்மையறியாமல் சிரித்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் அச்செடுத்த பக்கங்களை பியூலாவிடம் நீட்டினார். அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "சிவப்புப் பேனா எடுக்கலாமா? அப்புறம் நாலு நாள் பேசாம இருக்க மாட்டீங்களே?"

"எடு" என்றார்.

அவள் முழுவதும் படித்தாள். ஒன்பது இடத்தில் சுழித்தாள். கடைசிப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று மாலையே சுவிசேஷமுத்து அத்தியாயத்தைச் சங்கத்துக் குழுவில் போட்டார், இந்த முறை கோப்பின் பெயரை மூன்று தடவை சரிபார்த்து. கைதட்டல் எதுவும் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஜோதிலட்சுமி மட்டும், 'படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் முடிவைச் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருந்தார்.

ஞாயிறு காலை ஏழரைக்கே பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். சாதாரணமாக பியூலா இரண்டு முறை சொன்னால்தான் இறங்குவார். பொன்னி கேட் ஓரம் பலகையைப் போட்டு, அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"அஞ்சலி படிச்சிக் காட்டுச்சு சார். இப்ப கத மாரி கீது. அவ கூடைய தூக்கினு எறங்கற எடத்துல எம்பொண்ணு நிறுத்திட்டு என்னப் பாத்துச்சு."

சுவிசேஷமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொன்னாடை போர்த்தியபோதுகூட இப்படி இருந்ததில்லை.

"ஆனா ரெண்டு தப்பு கீது" என்றாள் பொன்னி. "பதினாறு நாளெல்லாம் ஆவாது சார். சொந்தக்காரங்க மூணு நாள் கஞ்சி ஊத்துவாங்க. அப்பால அவங்கவங்க வூட்ட அவங்கவங்க பாப்பாங்க. நாலாம் நாளே கெளம்பணும். இன்னொண்ணு, மொத நாளு யாவாரத்துல அவ அழுவவே இல்லியே?"

"அழுகை வேணாம்னு நீதானே சொன்னே?"

"கடலாண்ட குந்திகினு அழுவறது வேணாம்னேன். அதுக்கு ஏது நேரம்? மீன் வெட்டசொல்லோதான் அழுவ வரும். வந்தா தொடைக்கவும் முடியாது. கையெல்லாம் செதிலும் ரத்தமும். அது பாட்டுக்கு வழியும், நீ பாட்டுக்கு வெட்டிகினே இருக்கணும்."

இப்படி ஒரு விஷயத்தை விட்டுவிடலாமா? நாவலாசிரியர் பரபரவென்று சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார். பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார். செதில், ரத்தம், வழியும் என்று வேகமாகக் குறித்துக்கொண்டு, "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் பொன்னி? யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

பொன்னி மீனை வெட்டுவதை நிறுத்தினாள். நிமிர்ந்து ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். கோபம் இல்லை. இவ்வளவு படித்தவருக்கு இவ்வளவுதானா என்று பார்க்கிற பார்வை.

"யார் சொல்லணும் சார்? எம்புருசன் பூட்ட நாலாம் நாளு நான் எங்க குந்திகினு வித்தேன்னு நெனக்கிற? இதே கேட்டாண்டதான். எட்டு வருசம் ஆவுது. அழுதுகினேதான் வெட்டினேன். வாங்க வந்தவங்க எல்லாம் வாடை தாங்காம மூஞ்ச அந்தாண்ட திருப்பிகினு நின்னாங்க, எவ பாத்தா?" மறுபடி குனிந்து மீனை எடுத்தாள். "நீகூட வந்த சார். கைக்குட்டைய மூக்குல வெச்சிகினு சங்கரா வாங்கின. மறுவாரம் வந்து, செதிலு சரியா எடுக்கலன்னு சத்தம் போட்ட."

சுவிசேஷமுத்துவுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. எவ்வளவோ தேடிப் பார்த்தார். அந்த மீன் ஞாபகம் வரவில்லை, அந்த முகமும் ஞாபகம் வரவில்லை. மேலே பால்கனியிலிருந்து ஆராதனைக்கு நேரமாகிறது என்று பியூலா கூப்பிட்டாள். அவர் போகவில்லை. நோட்டை மூடிப் பையில் போட்டுவிட்டு, கூடை காலியாகும்வரை அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.